குளிர்காலத்தில் சைக்கிளை எங்கே வைப்பது: கொட்டிலா, பேஸ்மெண்டா?

ஸ்காபரோ_பேஸ்மெண்ட்

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மார்க்கம் றோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மெண்டில் இருக்கிறோம். வீட்டில் மூன்று சைக்கிள். என்னுடையது அலுமினிய ஹைபிரிட், ஒயிலில் வேலை செய்கிற ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக். மகனுடையது சின்ன சைக்கிள். மற்றது மச்சானின் ஈ-பைக், அவர் சாப்பாட்டு டெலிவரி செய்கிறவர், புதுவருசத்தோடு நிறுத்திவிட்டு ஏப்ரல் வரை வெயர்ஹவுஸ் வேலைக்குப் போகப் போகிறார். அதுவரைக்கும் பனி உருக றோட்டில் போடுகிற உப்புத் தண்ணியிலே ஓடித்தான் ஆகவேண்டும்.

வீட்டுக்காரர் பின்வளவுக் கொட்டிலைப் பாவிக்கச் சொல்கிறார். அங்கே ஹீற் கிடையாது, சினோ தள்ளுகிற மெஷினும் புல்லு வெட்டுகிற மெஷினும் நிற்கின்றன. இல்லையென்றால் உள்ளே வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸ் பக்கத்தில் ஒரு மூலை இருக்கிறது, உடுப்புத் தோய்க்கிற மெஷினும் அங்கேதான். ஒருவர் சொல்கிறார் குளிரில் விட்டால் சைக்கிள் பழுதாகிவிடும், உள்ளே வை என்று. இன்னொருவர் சொல்கிறார் சூட்டுக்குள் கொண்டுவந்தால்தான் கறள் பிடிக்கும் என்று. எது சரி? ரயரில் காற்றை இறக்கிவிட வேண்டுமா? தலைகீழாகத் தொங்கவிட்டால் பிறேக் ஒயில் என்ன ஆகும்?

ராலே_கறுப்பு

தம்பி, எங்கே வைப்பது என்பது இரண்டாவது கேள்வி. என்ன நிலையில் வைக்கிறீர்கள் என்பதுதான் முதலாவது. குளிர் சைக்கிளை ஒன்றும் செய்யாது. இரும்புக்கும் அலுமினியத்துக்கும் மைனஸ் இருபது ஒரு பொருட்டே இல்லை. சைக்கிளைத் தின்பது றோட்டு உப்பும் ஈரமும்தான். உப்போடு கொண்டுபோய்ச் சூடான இடத்தில் வைத்தால் குளிரில் விட்டதை விடக் கெதியாகக் கறள் ஏறும், ஏனென்றால் உறைந்து கிடந்த உப்பு நீர் உருகி ஓடத் தொடங்குகிறது, சூட்டில் அந்த வேதிவினையும் வேகமாக நடக்கிறது. ஆகவே உங்களுக்குச் சொன்ன இரண்டு பேருமே பாதி சரி. கழுவித் துடைத்துக் காயவைத்த சைக்கிள் என்றால் உள்ளே வைக்கலாம், கொட்டிலிலும் வைக்கலாம். கழுவாத சைக்கிளுக்கு இரண்டுமே கூடாது.

கழுவுவது என்றால் பிரஷர் வாஷர் இல்லை. அதன் வேகம் பெயரிங்குக்குள் இருக்கிற கிறீஸைத் தள்ளிவிட்டு உப்புத் தண்ணியை உள்ளே அனுப்பும். மைனஸ் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, பூக்கண்டுக்குத் தண்ணி ஊற்றுகிற வாளியில் இளஞ்சூட்டுத் தண்ணியும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத் துளியும் போட்டு மேலிருந்து கீழே மெல்ல ஊற்றுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு எங்கே ஒளிந்திருக்கும் என்றால், ஸ்போக் கம்பி ரிம்முக்குள் நுழைகிற இடத்தில் வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருக்கும், பிறகு பெடலுக்கும் கிராங்குக்கும் இடையில், மட்கார்ட்டின் உள்பக்கத்தில், போத்தல் மாட்டுகிற இரண்டு ஸ்குறூவைச் சுற்றி. அந்த ஸ்குறூக்களை ஒருக்கால் கழற்றிக் கிறீஸ் தொட்டுத் திரும்பப் பூட்டுங்கள், இல்லையென்றால் அடுத்த வருசம் அவை வரவே வராது.

சீற் போஸ்ற்றும் அப்படித்தான். எவ்வளவு உயரம் என்று ரேப் ஒட்டி அடையாளம் வைத்துவிட்டு முழுவதுமாக உருவி எடுங்கள். எடுத்தபின் ஃபிறேமைக் கவிழ்த்துப் பிடித்தால் சில சைக்கிள்களில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு கலங்கல் தண்ணி ஊற்றும், மட்கார்ட் இல்லாத சைக்கிளில் பின்சில்லு அடிக்கிற தண்ணி எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. உள்ளே காய்ந்ததும் போஸ்ற்றில் கிறீஸ் பூசித் திரும்பச் செருகுங்கள். இரும்பு ஃபிறேமில் அலுமினியப் போஸ்ற் என்றால் இது கட்டாயம், இரண்டு உலோகமும் உப்புத் தண்ணியும் சேர்ந்தால் ஒன்றோடொன்று இறுகிப்போகும், பிறகு வாள் போட்டு அறுக்கத்தான் வேண்டும். கார்பன் என்றால் கிறீஸ் வேண்டாம், அதற்கென்று மணல் கலந்தது மாதிரி ஒரு பசை விற்கிறார்கள்.

செயினுக்கு ஒரு சொல். ஊரில் நாங்கள் எல்லோரும் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகியவர்கள், யுத்தத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் அதுவே பெரிய விசயம். இங்கே அது சரிவராது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும், செயின் மூட்டுக்குள் போகவே போகாது, ஊத்தையை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்துக்கென்று விற்கிற தடித்த செயின் ஒயிலை ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு துளி விட்டு, பெடலைப் பின்னுக்குச் சுற்றி, மேலே வழிவதைப் பழந்துணியால் துடைத்துவிடுங்கள்.

கொண்டோ_17

அண்ணை சொன்னது நல்ல விளக்கம். ஆனால் கொண்டோவில், அதாவது அடுக்குமாடியில், இருக்கிற எங்களுக்கு வாளித் தண்ணி ஊற்ற வளவு இல்லை. எங்கள் கட்டடத்தில் பல்கனியில் சைக்கிள் வைக்கக்கூடாது என்று விதி, கீழே பார்க்கிங் அடித்தட்டில் கம்பி வலை போட்ட ஒரு அறை. கார்கள் உப்புத் தண்ணியைச் சொட்டிக்கொண்டு வந்து நிற்கிற தளம் அது, அறைக்குள் எந்த நேரமும் ஒரு ஈரவாடை. நான் டிசம்பர் தொடங்க முன்னமே குளியல் தொட்டிக்குள் பழைய துவாய் விரித்து, சைக்கிளை ஒரு சில்லில் நிமிர்த்தி, கைஷவரால் கழுவிவிடுவேன். டபிள்யூடி-40 ஸ்பிறேயை முழுக்க அடித்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டால் போதாதா? கடைக்காரர் ஒருவர் அப்படித்தான் சொன்னார்.

ராலே_கறுப்பு

போதாது பிள்ளை, இரண்டுமே. டபிள்யூடி-40 தண்ணியை விரட்டுவதற்கென்று 1953இல் செய்தது, அந்தப் பெயரின் முதல் இரண்டு எழுத்தே (வோட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்) அதைத்தான் சொல்கிறது. கழுவினபின் செயினில் அடித்து ஈரத்தை வெளியேற்ற நல்லது. ஆனால் நாலு மாதம் நின்று காவல் காக்காது, அதற்குமேல் செயின் ஒயில் விடத்தான் வேண்டும். முழுக்க அடிப்பது ஆபத்து, டிஸ்க் பிறேக் தட்டில் ஒரு தூவல் பட்டால் போதும், பிறேக் பாட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வசந்த காலத்தில் கீச்சிடும், பிடிக்காது. தட்டில் பட்டதை அற்ககோல் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும், பாட்டில் ஊறினது லேசில் போகாது. ஆகவே எண்ணெய்ச் சாமான் எதுவாக இருந்தாலும் துணியில் அடித்து அந்தத் துணியால் துடையுங்கள்.

தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அந்த மாதிரி அறைக்குப் பழைய பருத்திப் போர்வைதான் நல்லது, கீழ்ப்பக்கம் திறந்திருக்கட்டும்.

எட்மன்டன்_30

நான் சேலத்துக்காரன், இங்கே எட்மன்டனில் குளிர்காலம் முழுக்க வேலைக்கு சைக்கிளில்தான் போகிறேன். எட்மன்டன் குளிர் வேறு மாதிரி, வறண்டது. டொராண்டோவில் ஜனவரி நடுவிலே திடீரென்று ஐந்து டிகிரி ஏறி மழை பெய்யும், அடுத்த நாள் திரும்ப மைனஸ் பத்து. கொட்டிலில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது அந்த நாட்களைத்தான். சைக்கிள் இன்னும் மைனஸில் இருக்கும், வெளியே இருந்து ஈரமான வெதுவெதுப்பான காற்று வரும், அப்படியே ஃபிரேம் முழுக்க வியர்த்துவிடும். அதனால் கொட்டிலில் வைக்கிற சைக்கிளுக்கு ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் வேண்டும். போயிங் கம்பெனி விமானத்துக்காக உருவாக்கிய போஷீல்ட் டி-9 இங்கே சைக்கிள் கடைகளில் கிடைக்கிறது, காய்ந்து மெழுகு மாதிரிப் படிந்துவிடும், போல்ட் தலைகளுக்கும் ஸ்போக் முனைகளுக்கும் துணியில் தொட்டுப் பூசினால் மார்ச் வரை தாங்கும்.

இன்னொன்று, தினமும் ஓட்டுபவர்களுக்கு. மைனஸ் பதினைந்தில் ஓட்டிவிட்டு வந்து இருபது டிகிரி ஹாலுக்குள் நிறுத்தினால் அதே வியர்வைதான், குழாய்க்கு உள்ளேயும் வியர்க்கும். காலையில் அந்த ஈரத்தோடு வெளியே போனால் கியர் கேபிள் உறைக்குள் உறைந்து கியர் மாறாது. தினமும் ஓட்டுகிற சைக்கிள் குளிரிலேயே இருக்கட்டும், அதுதான் அதற்கு நல்லது. வாரம் ஒரு தடவை உள்ளே கொண்டுவந்து, முழுக்க உருகிச் சொட்டி முடிகிற வரை விட்டு, துடைத்து, எண்ணெய் போட்டு, காய்ந்தபின் வெளியே வையுங்கள்.

மைனஸ் இருபத்தைந்துக்குக் கீழே போனால் ஃப்ரீவீலுக்குள் இருக்கிற கிரீஸ் மெழுகாகிவிடும். உள்ளே சின்னச் சின்னப் பற்கள் ஸ்ப்ரிங்கில் நிமிர்ந்து பிடித்தால்தான் சக்கரம் சுற்றும், கிரீஸ் கட்டியானால் அவை படுத்துவிடும், பெடல் வெறுமனே சுற்றும், சைக்கிள் நகராது. கடையில் கொடுத்து அதைப் பிரித்து, கிரீஸைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் போடச் சொல்ல வேண்டும். டொராண்டோவில் இது அபூர்வம்தான், எங்களுக்கு ஒவ்வொரு வருசமும் உண்டு.

ஸ்காபரோ_பேஸ்மெண்ட்

எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் என்னுடையதும் மகனுடையதும் கழுவிக் கொட்டிலுக்கு. ரயர் விசயமும் பிறேக் விசயமும் இன்னும் பாக்கி. அப்புறம் மச்சானின் ஈ-பைக். அது பாரம், படியால் இறக்குவதே பெரும்பாடு. பற்றரியோடு கொட்டிலில் விட்டுவிட்டு மாதம் ஒருக்கால் அங்கேயே எக்ஸ்டென்ஷன் வயரில் சார்ஜ் போடலாம் என்கிறார்.

மின்கலம்

வேண்டாம், வேண்டாம். அதை மட்டும் செய்ய விடாதீர்கள்.

ஈ-பைக் பற்றரிகளோடுதான் என் வேலை. லித்தியம் அயன் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயன்கள் கிராஃபைட்டுக்குள் போய் உட்கார வேண்டும். குளிரில் அவை உள்ளே போக நேரம் எடுக்கும், மேலே வந்து குவிகிறவை உலோக லித்தியமாக அப்படியே படிந்துவிடும். அது முழுவதும் திரும்பிக் கரையாது, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும், படிவு கூடிக்கொண்டு போனால் உள்ளேயே ஷோர்ட் ஆகலாம். நல்ல பற்றரிகளில் உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுப் பலகை குளிரில் சார்ஜை மறுத்துவிடும், மலிவானவற்றில் அந்தக் காவல் இருக்கும் என்று நம்பமுடியாது. குளிரில் ஓடலாம், தூரம் குறையுமே தவிரப் பெரிய கெடுதல் இல்லை. சார்ஜ் மட்டும் பற்றரி அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான். வெளியே இருந்து கொண்டுவந்தால் இரண்டு மூன்று மணித்தியாலம் சும்மா இருக்கட்டும்.

ஆகவே சைக்கிள் கொட்டிலுக்கு, பற்றரி வீட்டுக்கு. வைக்கிற அளவில் கம்பெனிகள் ஒத்துப்போவதில்லை, பொஷ் 30 முதல் 60 வீதம் என்கிறது, ஷிமானோ 70 என்கிறது. இரண்டும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான், முழுக்க நிரப்பியும் வைக்காதே, காலியாகவும் வைக்காதே. மாதம் ஒருக்கால் பட்டனை அழுத்தி விளக்கு எத்தனை எரிகிறது என்று பார்த்து, குறைந்திருந்தால் கொஞ்சம் ஏற்றினால் போதும். இடம் பத்து முதல் இருபது பாகைக்குள் இருந்தால் நல்லது. பற்றரி மாட்டுகிற செப்பு முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்து, சைக்கிள் பக்கத்து முனைகளுக்கு ஒரு பொலித்தீன் உறை போட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விசயம். நீங்கள் இருப்பது பேஸ்மெண்ட். வாசல் எத்தனை? ஒரு வாசல்தான் என்றால், அந்த வாசலுக்கும் படிக்கும் பக்கத்தில் பற்றரியை வைக்கவோ சார்ஜ் போடவோ வேண்டாம். லித்தியம் தீ மெல்ல மெல்லப் பரவுகிற தீ இல்லை, சில நொடிகளில் வழியை மறித்துவிடும், புகையும் நஞ்சு. ஃபேர்னஸ் பக்கமும் வேண்டாம். படுக்கிற அறைகளுக்கும் வெளியே போகிற வழிக்கும் குறுக்கே வராத ஒரு இடத்தில், சீமெந்துத் தரையில், சுற்றிவர உடுப்பும் காட்போட் பெட்டியும் இல்லாமல், ஆட்கள் முழித்திருக்கும்போது மட்டும், கம்பெனி தந்த சார்ஜரில் மட்டும். மேலே புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவர்களும் மேலே படுக்கிறார்கள்.

மச்சான் புதுவருசம் வரை உப்பில் ஓடுவார் என்றீர்கள். பற்றரியின் பெட்டியில் எங்காவது வெடிப்பு, வீக்கம், இனிப்பு மாதிரி ஒரு மணம் இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக்கூடாது. 2023 டிசம்பர் 31 அன்று ஷெப்பர்ட்-யங் நிலையத்தில் சப்வே ரயிலுக்குள் ஒரு ஈ-பைக் தீப்பிடித்தது ஞாபகம் இருக்கும். ரொறன்ரோவின் பஸ், சப்வே நடத்துகிற ரி.ரி.சி. பிறகு நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை லித்தியம் பற்றரி சைக்கிள்களுக்குத் தடை கொண்டுவந்ததற்குச் சொன்ன காரணமே குளிர்காலத்து உப்பும் ஈரமும் பற்றரியைப் பழுதாக்கும் என்பதுதான். டெலிவரி செய்கிற பிள்ளைகள் குளிரில் படுகிற பாடு தெரியும், அவர்களுக்கு அந்தச் சைக்கிள்தான் சோறு, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஓலு_வடக்கு

ஃபின்லாந்தின் ஓலுவில் படிக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலி. இங்கே சைக்கிளை எடுத்துவைக்கிற பேச்சே கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் மைனஸ் இருபதில் சைக்கிளில் போகிறார்கள், முதல் குளிர்கால சைக்கிள் மாநாடு 2013இல் நடந்தது இந்த ஊரில்தான். இங்கே சைக்கிள் பாதைகளில் உப்பு அள்ளிப் போடுவதில்லை. பனியை இறுக்கிச் சமப்படுத்தி மேலே பொடிக்கல் தூவுகிறார்கள். அதனால் சைக்கிள் வெளியே நின்றாலும் செயின் அவ்வளவு துருப்பிடிப்பதில்லை. நீங்கள் பேசுவதைப் படித்தபிறகு குளிரை விட உப்புதான் உங்கள் பிரச்சினை என்று எனக்கும் புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், மூன்றையும் ஏன் பூட்டிவைக்க வேண்டும்? ஐஸில் வழுக்காத, ஆணி பதித்த டயர் போட்டு ஒன்றையாவது ஓட்டலாமே?

எட்மன்டன்_30

ஓலு தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் டொராண்டோவில் எல்லாத் தெருவும் ஒன்றல்ல. நகரத்தின் நடுவில் தடுப்புப் போட்ட சைக்கிள் பாதைகளை வழித்துவிடுகிறார்கள், ஏரிக்கரையில் மார்ட்டின் குட்மன் பாதையும் அப்படி. ஸ்காபரோவின் பெரிய சாலைகளில் பனி வழிக்கிற வண்டி எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளும், சைக்கிள்காரன் போக வேண்டிய ஓரமே மறைந்துவிடும், பக்கத்தில் லாரிகள். மச்சான் அதில்தான் ஓடுகிறார் என்பதால் அவருக்கு ஆணி டயர் கட்டாயம் வேண்டும் என்பேன். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த ஆணிகளாகப் பார்த்து வாங்குங்கள், சாதா இரும்பு ஆணி தார்ச்சாலையில் சீக்கிரம் மழுங்கிவிடும். புதிதாகப் போட்டதும் முதல் 40 கிலோமீட்டர் காய்ந்த சாலையில் வேகமெடுக்காமல், சடக்கென்று பிரேக் பிடிக்காமல் ஓட்டினால் ஆணிகள் ரப்பரில் நன்றாக உட்காரும். ஒரு டயருக்குத்தான் காசு என்றால் முன்சக்கரத்துக்குப் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் விழுந்தே தீர வேண்டும்.

பூட்டையும் மறக்காதீர்கள். சாவித் துவாரம் கீழே பார்க்கிற மாதிரிப் பூட்டுங்கள். உறைந்துவிட்டால் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், அதுவே உள்ளே போய்த் திரும்ப உறையும். பூட்டுக்கென்று விற்கிற ஆல்கஹால் திரவம் விட்டுத் திறந்து, அது உள்ளே இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் பூட்டெண்ணெய் போட வேண்டும்.

ராலே_கறுப்பு

தம்பி கேட்ட இரண்டு கேள்வி நிற்கிறது. ரயரில் காற்றை இறக்கவே கூடாது. இறக்கினால் சைக்கிளின் பாரம் முழுக்க ரயரின் பக்கச் சுவரை ஒரே இடத்தில் மடித்து வைத்திருக்கும், வசந்த காலத்தில் அந்த மடிப்பில் வெடிப்பு. வழமையான அளவுக்குக் காற்று அடித்து, முடிந்தால் கொக்கியில் தொங்கவிடுங்கள். குளிரில் காற்று தானாகக் குறைந்ததுபோல் காட்டும், இருபது பாகை வீட்டுக்குள் 60 பி.எஸ்.ஐ. அடித்த ரயர் மைனஸ் பத்தில் 52 அளவில் நிற்கும், ஓட்டை என்று நினைக்க வேண்டாம். மாதம் ஒருக்கால் கொட்டிலுக்குப் போய் ஒரு அடி அடித்து, சில்லை அரைச்சுற்றுத் திருப்பிவிட்டு வாருங்கள். சினோ மெஷினின் பெற்றோல் ஆவியும் ரப்பருக்கு ஆகாது, அதற்கு எதிர் மூலையில் வையுங்கள். மோட்டர் ஓடுகிற இடத்தில் ஓசோன் உண்டாகும், அதுவும் ரப்பரை வெடிக்க வைக்கும், ஃபேர்னஸ் மூலை வேண்டாம் என்பதற்கு அது இன்னொரு காரணம்.

பிறேக்குக்குப் பயப்பட வேண்டாம். ஒரு சில்லில் செங்குத்தாகத் தொங்கவிடுவதால் கெடுதல் இல்லை. லீவருக்கு மேலே இருக்கிற சிறு தொட்டியில் கொஞ்சம் காற்று இருந்தால் அது குழாய்க்குள் ஏறலாம், இறக்கினபின் நேராக நிறுத்திவைத்து ஒரு மணித்தியாலம் கழித்து லீவரை நாலைந்து தரம் அழுத்தினால் திரும்ப இறுகும். இறுகாமல் கைப்பிடி வரை வந்தால் கடைக்குக் கொண்டுபோய்க் காற்று எடுக்க வேண்டும். தொங்கும்போதும் சில்லுக் கழற்றியிருக்கும்போதும் மட்டும் லீவரை அழுத்தக்கூடாது, சொல்லி வையுங்கள், பிள்ளைகள் போய்ப் பிடித்துப் பார்ப்பார்கள்.

ஸ்காபரோ_பேஸ்மெண்ட்

வாசல் ஒன்றுதான். மின்கலம் அண்ணை எழுதினதை மச்சானுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன், பற்றரியைப் பின்பக்கக் களஞ்சிய அறையில் சீமெந்துத் தரையில் வைக்க ஒத்துக்கொண்டார், வீட்டுக்காரரிடமும் இன்று பேசுகிறோம். கடைசியாக ஒன்று. மார்ச்சில் ஒரு நாள் வெயில் எறிந்ததும் மகன் சைக்கிளைக் கேட்டு நிற்பான். எப்போது வெளியே எடுக்கலாம்?

கொண்டோ_17

இதற்கு நான் சொல்கிறேன். வெயில் எறிந்த முதல் நாள் வேண்டாம், றோட்டில் உப்பு அப்படியே வெள்ளையாகக் கிடக்கும். அதுவும் கடும் குளிருக்குச் சில இடங்களில் போடுகிற கால்சியம் குளோரைட் காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானே இழுத்து, மழைநாளில் கருவாடு கசிகிற மாதிரிக் கசிந்துகொண்டிருக்கும். இரண்டு நல்ல மழை பெய்து ஓரத்து உப்பு கழுவுப்பட்ட பிறகு எடுங்கள். கடையில் காட்ட வேண்டிய வேலை ஏதும் இருந்தால் ஜனவரி, பெப்ரவரியில் கொண்டுபோங்கள், அப்போது கடைகளில் ஆள் இல்லை, ஆறுதலாகப் பார்ப்பார்கள், ஏப்ரலில் வாரக்கணக்கில் வரிசை. தாங்களே பழக விரும்பினால் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பைக்செயின் என்று ஒரு பட்டறை இருக்கிறது, கருவி தந்து எப்படிச் செய்வது என்று காட்டுவார்கள். மகனின் சீற்றையும் அப்போதே உயர்த்திவிடுங்கள், நாலு மாதத்தில் பிள்ளை வளர்ந்திருப்பான்.

ராலே_கறுப்பு

உயர்த்தும்போது போஸ்ற்றில் வெட்டியிருக்கிற எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் நீளமான போஸ்ற் வாங்க வேண்டும்.